பாட்டியின் முண்டில் தையல் போடும் மகளுக்கு என்ன படிப்பு?

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள் நர்சிங் வேண்டாம், துணிக்கலைதான் படிப்பேன் என்கிறாள். அவளுடைய அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படங்களைப் பார்த்தேன். அப்பாவைப் பெற்ற பாட்டியின் பழைய முண்டில், குடும்பம் விற்ற ஒவ்வொரு விளையின் (தோட்ட நிலத்தின்) பெயரையும் சிவப்பு நூலில் தைத்திருக்கிறாள். கடைசியாக விற்ற விளையின் பெயரைப் பாதியில் நிறுத்தி, நூலை அறுக்காமல் தொங்கவிட்டிருக்கிறாள். இது பொழுதுபோக்குத் தையல் இல்லை அம்மா. சொல்ல விஷயம் இருக்கிற பிள்ளை.

நம் குமரி மாவட்டத்தில் துணிக்குள் பெரிய வரலாறே இருக்கிறது. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அதில் சொந்தக் காசு பார்த்தார்கள். அதே காலத்தில் அவர்கள் மேலாடை உடுத்தத் தடை. நாடார் பெண்களுக்கு 1859-இல்தான், அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு அனுமதி கொடுத்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. பின்னிய லேஸ் யார் மேல் ஏறியது, பின்னியவள் எதை உடுத்தினாள்? இந்த ஒரு கேள்வியை வைத்தே உங்கள் மகள் வருடக்கணக்கில் வேலை செய்யலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். நிஃப்ட் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்), என்.ஐ.டி. (தேசிய டிசைன் நிறுவனம்) இரண்டிலும் நாலு வருட டிசைன் பட்டப்படிப்பில் டெக்ஸ்டைல் டிசைன் பிரிவு உண்டு. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம். நிஃப்ட் சென்னையிலும் கண்ணூரிலும் இருக்கிறது. ஆனால் கட்டணம் பல லட்சம். அது முடியாதென்றால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியைப் பாருங்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

வேலை? கலைப்படைப்பை விற்று முதல் வருடமே வீட்டை நடத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கரூர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் டிசைனர் வேலைக்குப் போகலாம். மாதச் சம்பளம் வரும், சொந்தக் கலையும் கூடவே வளரும். அப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

நிஃப்ட் தேர்வில் கொடுக்கும் பொருள்களை வைத்து ஒரு மாதிரி வடிவம் (மாடல்) செய்யச் சொல்வார்கள். கம்பி, அட்டை, துண்டுத் துணி வைத்து இப்போதே பழகட்டும். அப்புறம், எந்த விளை எதற்காக விற்கப்பட்டது என்று அவள் அப்பாவிடமே கேட்டு நோட்டில் எழுதட்டும். அவருக்குத்தான் அது தெரியும். பேச்சும் அங்கிருந்தே தொடங்கலாம்.

மகள் படிக்கும் குரூப்பையும் வீட்டு வருமானத்தையும் எழுதுங்கள். கல்விக்கடன், உதவித்தொகை பற்றி அடுத்துப் பேசுவோம்.