அணையால் மீன் வரவில்லை, நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலம் பாஸ்கோவில் வசிக்கிறேன். கிரீன் கார்டுதான். எட்டு வருடமாக மகனோடு ஸ்நேக் ஆற்றில் தூண்டில் போடுகிறேன். வரவர மீனே இல்லை. ஐஸ் ஹார்பர் அணைதான் காரணம் என்கிறார்கள். வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியுமா? கையில் பிடித்துத் திரும்ப விட்ட மீன்களின் படங்கள் இருக்கின்றன.

பதில்: நஷ்டஈட்டை முதலில் மறந்துவிடுங்கள். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், குடியுரிமை தேவையில்லை. ஆனால் கிடைப்பது நீதிமன்ற உத்தரவு மட்டும்தான். வக்கீல் செலவு வேண்டுமானால் தேறும். 60 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதை விட்டால் வழக்கு வாசலோடு சரி.

அடுத்து, உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்பார்கள். இதில் 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. இலங்கையின் மகாவலித் திட்டத்தால் யானைக்கும் சிறுத்தைக்கும் ஆபத்து என்றார் ஒரு பெண்மணி. மறுபடி எப்போது போவீர்கள் என்று கேட்டதற்கு, அங்கே உள்நாட்டுப் போர் நடக்கிறது, தெரியாது என்றார். அது போதாது என்று தள்ளிவிட்டார்கள். உங்கள் நிலை அப்படியில்லை. வருடாவருடம் எடுத்த லைசென்ஸ், போன தேதிகள், வரும் சீசனுக்குப் போட்டிருக்கும் திட்டம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஆனால் தனி வழக்கு வேண்டாம் என்பேன். போர்ட்லாந்து ஃபெடரல் நீதிமன்றத்தில் 2001 முதல் இதே சண்டைதான் நடக்கிறது. அணைகளால் சால்மன் போன்ற மீன்களுக்கு ஆபத்தில்லை என்று மீன்வளத் துறை எழுதிய அறிக்கைகளை நீதிபதிகள் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் டர்பைனுக்குள் போகாமல் மதகு வழியே போகட்டும் என்று, 2018 வசந்தம் முதல் கூடுதல் நீர் திறக்கவும் உத்தரவானது. 2023 டிசம்பரில் வழக்குப் போட்டவர்களுக்கும் அரசுக்கும் சமரசம் வந்தது. 2025 ஜூனில் அதிபர் அதை ரத்து செய்தார். அதே ஆண்டு வழக்கு மறுபடி கிளம்பிவிட்டது. அதில் உள்ள மீனவர், சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, உங்கள் அனுபவத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். செலவும் மிச்சம். நெஸ் பெர்ஸ் பழங்குடியினருக்கு 1855 ஒப்பந்தப்படி தனி மீன்பிடி உரிமை உண்டு. அதை நீங்கள் கோர முடியாது.

அப்புறம் அந்தப் படங்கள். முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் குட்டித் துடுப்பைப் பாருங்கள். வெட்டியிருந்தால் அது பண்ணை மீன். முழுசாக இருந்தால் பெரும்பாலும் காட்டு மீன், அதாவது ஆற்றில் தானாகப் பிறந்தது, விட்டுவிட வேண்டியது. அப்படி விட வேண்டிய சால்மனையும், கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் வகையான ஸ்டீல்ஹெட்டையும் தண்ணீரைவிட்டு முழுதாகத் தூக்கவே கூடாது என்பது வாஷிங்டன் விதி. படத்தில் மகன் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறான் என்றால், அது உங்களுக்கு எதிரான சாட்சி. அழித்துவிடாதீர்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். முதலில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.