கோவை போர்வெல் தண்ணீருக்கு வகுத்த ஹைட்ரோபோனிக்ஸ் உரக்கலவை கோத்தகிரி ஊற்றுநீருக்குப் பொருந்துமா?

கோவையில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் உரம் கரைத்த போர்வெல் தண்ணீரில், லெட்யூஸ் வளர்க்கும் உங்கள் மைத்துனரின் உரக்கலவையை அப்படியே எடுத்துக் கோத்தகிரி ஊற்றுநீரில் கரைத்ததாகவும், குருத்திலைகளின் ஓரம் கருகுவதாகவும், பிஎச் (கரைசலின் அமில-கார அளவு) ஒரு நாள்கூட நிலையாக நிற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். குன்னூர்ப் பக்கம் பாலிஹவுஸில் லெட்யூஸ் வளர்த்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கலவை இங்கே பொருந்தாது. அது, அவருடைய தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் சத்துகளைக் கழித்துக்கொண்டு வகுக்கப்பட்ட கலவை.

கடினத்தன்மை என்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். ஆய்வறிக்கையில் அதைக் கால்சியம் கார்பனேட் அளவாக மாற்றி எழுதுகிறார்கள். மதுக்கரை போன்ற இடங்களில் சிமெண்ட் ஆலைக்கே சுண்ணாம்புக்கல் தந்த நிலம் கோவையைச் சுற்றியுள்ளது. நீலகிரியின் சார்னோகைட் பாறையோ எளிதில் கரையாதது, மழையும் மிகுதி. ஆகவே இங்குள்ள ஊற்றுநீர் பொதுவாக மென்னீராகவே இருக்கிறது. கோவையில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சில வாரங்களிலேயே ஏறிவிடும் வெள்ளைப் படிவை இங்கே பார்ப்பது அரிது.

இதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு தண்ணீரில், உதாரணத்துக்கு, 100 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கால்சியமும் 36 பிபிஎம் மக்னீசியமும் இருக்கலாம். ஊற்றுநீரில் இவை இரண்டும் ஏறக்குறைய இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட 100 லிட்டருக்குச் சுமார் 53 கிராம் கால்சியம் நைட்ரேட்டும் 37 கிராம் எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) கூடுதலாக வேண்டும். இரண்டையும் அடர்கரைசலாக ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்; ஜிப்சமாகி அடியில் படிந்துவிடும். கால்சியம் நைட்ரேட் ஏ தொட்டியிலும் எப்சம் பி தொட்டியிலும் இருக்கட்டும். இப்படிக் கூட்டும்போது தழைச்சத்தும் 80 பிபிஎம் அளவுக்கு ஏறும் என்பதால், உங்கள் மைத்துனர் பிஎச் குறைக்க நைட்ரிக் அமிலம் ஊற்றுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊற்றுகிறார் என்றால் அவருடைய பயிருக்குத் தழைச்சத்தின் ஒரு பகுதி அந்த அமிலத்திலிருந்தே போகிறது, உங்களுக்கு அந்த இடத்தைக் கால்சியம் நைட்ரேட் நிரப்பிவிடும். இல்லையென்றால் பொட்டாசியம் நைட்ரேட்டைக் குறைத்து, குறைந்த பொட்டாசியத்தைப் பொட்டாசியம் சல்பேட்டால் ஈடுசெய்யுங்கள்.

அமில விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கோவைத் தண்ணீரில் கடினத்தன்மையோடு பைகார்பனேட்டும் கூடவே வருகிறது. பிஎச்சை மேலே இழுப்பது அதுதான், கால்சியம் அன்று. அதைச் செயலிழக்கச் செய்ய அவர் ஊற்றும் அமிலத்தை அதே அளவில் நம் ஊற்றுநீரில் ஊற்றினால், எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால் பிஎச் 4-க்கும் கீழே இறங்கி வேர் கெட்டுவிடும். உங்கள் கரைசல் ஒரே நாளில் தடுமாறுவதற்கும் இதே காரணம்தான். 100 லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) அளவுக்குக் காரத்தன்மை, அதாவது அமிலத்தை எதிர்த்து நிற்கும் திறன், கிடைக்கும், பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்பது எளிதாகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, தினமும் அளந்தே சேர்க்க வேண்டும்.

இனி, கருகலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கால்சியத்தைக் கூட்டிய பிறகும் மலையில் இது வரும். கால்சியம் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீரோடு மட்டுமே ஏறுகிறது; முதிர்ந்த இலையில் சேர்ந்துவிட்டால் குருத்துக்குத் திரும்பி வருவதில்லை. பருவமழை நாட்களில் காலை முதல் மாலை வரை மூடுபனி இறங்கி நிற்கும்போது இலையிலிருந்து நீராவி வெளியேறுவதே குறைந்துவிடுகிறது. அதிலும் மூடிக்கிடக்கும் உள் குருத்துக்குத் தண்ணீரோட்டம் மிகக் குறைவு. அத்தகைய நாளில் ஒரு செடியின் நடுவை விரித்துப் பாருங்கள். உள்ளிலையின் விளிம்பு முதலில் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஒளி ஊடுருவும் நிறம் கொள்ளும், பின்பு நூல் பருமனில் பழுப்புக் கோடாகும். கரைசலில் கால்சியம் போதுமானதாக இருக்கும்போதே இது நடக்கிறது. செடிகளுக்கு மேலிருந்து குருத்தை நோக்கிக் காற்று வீசும்படி ஒரு விசிறி வைப்பதே அதற்கு மருந்து. அந்த நாட்களில் ஈசியை (மின்கடத்துதிறனால் அளக்கும் கரைசலின் உப்புச் செறிவை) சற்றுக் குறைத்து வைப்பதும் உதவும். கீழிலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளானால் அது மக்னீசியக் குறை. அதற்கு எப்சம் போதும்.

டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை, குளோரைடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊற்றுநீருக்கு ஆர்ஓ இயந்திரம் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பிஎச் மீட்டர் வாங்கலாம். உப்புப் போட்டு இயங்கும் சாஃப்ட்னரை உங்கள் மைத்துனரும் பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது.

கோடையில் ஊற்று வற்றி லாரித் தண்ணீருக்கோ போர்வெல்லுக்கோ மாற நேர்ந்தால், பொட்டாசியம் பைகார்பனேட்டை உடனே நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீரையும் ஆய்வுக்குக் கொடுத்து, அறிக்கை வந்தபின் கூடுதல் கால்சியம் நைட்ரேட்டின் அளவை முடிவு செய்யுங்கள்.