ஸ்ட்ரிப்பர்னு போட்டிருக்கேன்னு பதறாதீங்க!

கேள்வி: என் மருமக இங்கிலாந்து பொண்ணு, குடும்ப வரலாறு தோண்டிக்கிட்டிருக்கா. 1881 சென்சஸ் நகல்ல, ஓல்டாம் ஊர்ல ஒரே வீட்டுல அப்பாவுக்கு 'ஸ்ட்ரிப்பர் அண்ட் கிரைண்டர்', 22 வயசு மகனுக்கு 'சைடு பீசர்', 11 வயசு பொண்ணுக்கு 'ஹாஃப் டைமர்'னு எழுதியிருக்கு. முதல் வார்த்தையப் பாத்து வீடே சிரிக்குது. இதெல்லாம் என்ன வேலைங்க?

பதில்: சிரிச்சு முடிச்சாச்சா? அந்த மனுஷன் பாத்தது படு கஷ்டமான வேலைங்க. பஞ்ச சீவி இழைய நேராக்குற கார்டிங் மெஷின் இருக்கே, அதோட உருளை முழுக்க பொடிப்பொடியா கம்பிப் பல்லு. ஓட ஓட பல்லுக்கு நடுவுல குட்டை இழையும் தூசியும் அடைச்சுக்கும். அத வழிச்சு எடுக்குறதுதான் ஸ்ட்ரிப்பிங், மழுங்குன பல்ல சாணை பிடிக்குறது கிரைண்டிங், ரெண்டையும் ஒரே ஆளே பாப்பாரு. மில்லுலயே தூசி அதிகம் பறக்குற இடம் அந்த கார்டு ரூம்தான். லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சு இறுக்குற நோய் ஒண்ணு இவங்களுக்கு வரும், பிஸினோசிஸ்னு சொல்வாங்க. அதனால அவரோட இறப்புச் சான்றிதழையும் தேடிப் பாக்கச் சொல்லுங்க, பிராங்கைட்டிஸ்னு இருந்தா காரணம் இந்த ரூமாவே இருக்கலாம்.

மகன் கதை வேற. ஓல்டாம் நூல் நூக்குற ஊரு, அங்க மியூல்னு ஒரு மெஷின், நூல முறுக்கிச் சுத்துற கம்பி, அதான் கதிர், ஆயிரத்துக்கு மேல வெச்ச நீள வண்டி, அது சுமார் 5 அடி முன்னால வந்து இழைய இழுத்து முறுக்கி திரும்ப உள்ள போகும், நாள் பூரா இதே ஆட்டம்தான், நடுவுல அறுந்த இழைய ஓடி ஓடி பிணைக்குற ஆளுதான் பீசர், அதுவும் எண்ணெய் ஊறுன தரையில வெறுங்காலோட. ஒரு ஜோடி மியூலுக்கு ஒரு ஸ்பின்னர், அவருக்குக் கீழ ஒரு சைடு பீசர், ஒரு லிட்டில் பீசர். கூலி ஸ்பின்னர் கைக்குத்தான் வரும், அவரு பாத்து இவங்களுக்குக் குடுப்பாரு. 22 வயசுலயும் சைடு பீசர்னா, மேல இருக்குற ஸ்பின்னர் இடம் காலியாகட்டும்னு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்த ஆளுன்னு அர்த்தம். வேலை தெரியாதவர்னு முடிவு கட்டிடாதீங்க. எனக்கென்னமோ அந்த வீட்டுலயே ரொம்ப மனசு வெந்த ஆளு இவராத்தான் இருக்கும்னு தோணுது.

ஹாஃப் டைமர்னா பாதி நாள் மில்லு, பாதி நாள் ஸ்கூலு. 1844 தொழிற்சாலைச் சட்டம் 8 வயசுலயே வேலைக்கு விட்டுச்சு, 1874ல அத 10 ஆக்குனாங்க, அதனால 1881ல 11 வயசுப் பொண்ணு வேலைக்குப் போனது சட்டப்படி சரிதான். காலைல மில்லுக்குப் போயிட்டு மத்தியானம் கிளாஸ்ல உக்காந்தா பாடமா ஏறும், தூக்கம்தான் வரும். 1918 கல்விச் சட்டத்துக்கு அப்புறம்தான் இந்த முறை ஒழிஞ்சுது.

கேள்வி: 'காட்டன் ஸ்பின்னர்'னு இருந்தா தொழிலாளியா, முதலாளியா?

பதில்: ரெண்டுமா இருக்கலாம், இதுல வழுக்கி விழுறவங்கதான் ஜாஸ்தி. அதே வரில இத்தனை ஹேண்ட்ஸ, அதாவது ஆளுங்கள, வேலைக்கு வெச்சிருக்கார்னு எழுதியிருந்தா அவரு மில் ஓனர். வீட்டுல வேலைக்காரங்க பேரு இருக்கான்னும் பாருங்க. 'காட்டன் மேனுஃபேக்சரர்'னா பெரும்பாலும் தறி மில் முதலாளி. லங்காஷயர்ல பர்ன்லி, பிளாக்பர்ன், நெல்சன் ஊருங்க பக்கம்னா நெசவு வேலைதான் அதிகம், அங்க 'டேக்லர்'னு வந்தா தறிய ரிப்பேர் பாத்து வீவர்ங்கள மேய்க்குற ஆளு. அதே வேலைக்கு யார்க்ஷயர்ல பேரு 'டியூனர்', பாட்டு வாத்தியக்காரர்னு நெனச்சிடாதீங்க. 'ரீச்சர் இன்'னா பாவு நூல, அதாவது தறியில நீளவாக்குல ஓடுற நூல, ஒண்ணொண்ணா எடுத்து நீட்டுற பொடியன், அத வாங்கி தறியோட விழுதுக் கண்ணுலயும் சீப்பு மாதிரி இருக்குற அச்சுலயும் கோக்குறவர் 'டிராயர் இன்'.

கேள்வி: 1841 சென்சஸ்ல வெறும் 'எச்.எல்.டபிள்யூ'னு இருக்கே?

பதில்: ஹேண்ட் லூம் வீவர், கைத்தறி நெசவாளர். இவரு மில் ஆளே இல்ல, வீட்டுலயே தறி போட்டு நெசவு செஞ்சவரு. விசைத்தறி வந்து கூலியெல்லாம் தரைமட்டமான நேரம் அது, அதனால 1851 சென்சஸ்ல அதே குடும்பத்தத் தேடுங்க, பசங்க பேருக்கு நேர 'பவர் லூம் வீவர்'னு இருக்கவும் வாய்ப்பு நெறைய.