பிளாஸ்டிக் குடத்தையும் பக்கெட்டையும் ஆயில் பெயிண்டிங்கில் வரைவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

அன்றாடச் சாமான்களை கேன்வாஸில் வரைந்து என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு தெருவே கிடைத்தது.

நான் இருப்பது வடசென்னையின் தண்டையார்பேட்டை. மெட்ரோ வாட்டர் லாரி வருவதற்கு முன்பே எங்கள் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும். பக்கத்தில் ஆள் இருக்காது. ஒருவர் உலை வைத்திருப்பார், ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பார், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனவரின் குடமும் அதில் நிற்கும். அதைத் தாண்டி யாரும் முன்னால் போக மாட்டார்கள். கழுத்தில் சிவப்புத் துணி, அடியில் நெயில் பாலிஷில் இனிஷியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். அந்த வரிசையைத்தான் வரைந்தேன்.

இதற்கு ஆயில் பொருத்தமானது என்பேன். அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகும். நேற்று வைத்த நிறத்தை இன்று தொட்டு இழைக்கலாம். கை நிதானமாகப் போவதால் கண்ணும் அங்கேயே நிற்கும். அப்படித்தான் நீலக் குடத்தின் வயிற்றில் பக்கத்துச் சிவப்புக் குடத்தின் சாயல் விழுந்திருந்தது தெரிந்தது. நிழலுக்குக் கறுப்பை எடுக்காமல், அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்து, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பை இழுத்தேன். அதுவரை தனியாகத் தெரிந்த குடம் வரிசைக்குள் வந்துவிட்டது.

1730களில் பாரிஸில் ஷார்டான் என்ற ஓவியர் சமையலறையின் செம்புத் தண்ணீர்த் தொட்டியை வரைந்தார். அரசர்களும் புராணக் கதைகளும்தான் உயர்ந்த ஓவியம் என்று மதிக்கப்பட்ட காலம் அது. அந்தச் சின்னப் படம் இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் படத்தைப் பார்க்க வந்த அக்காக்கள் ஓவியத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. "இது நம்ம வீட்டுக் கொடம்டி, வாய் நெளிஞ்சிருக்கு பாரு" என்றுதான் ஆரம்பித்தார்கள். பச்சைக் குடம் யாருடையது என்று கண்டுபிடித்ததும், பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்த அந்தக் குடும்பத்தைப் பற்றியே பேச்சு வெகுநேரம் ஓடியது. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டில் தினமும் கை படுகிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோட் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக, அப்புறம் எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் மேல் கோட்டில் வெடிப்பு விழலாம். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். முடித்ததும் அந்தப் பொருளை அதிகம் புழங்குகிறவரிடம் முதலில் காட்டுங்கள்.