நிலம், கடல், வானம்: எது மிகப் பெரியது?

மூன்றிலும் பெரிய விலங்கு எது என்று கேட்டிருந்தீர்கள். கடலில் நீலத் திமிங்கிலம்தான். 30 மீட்டர் வரை நீளம், 150 டன்னையும் தாண்டும் எடை. ஆழத்தில் மூழ்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு 2 முறை மட்டும் துடித்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அதன் நீளத்தைவிட இதுதான் பெரிய வியப்பு. அவ்வளவு உடம்பையும் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. கரை ஒதுங்கினால் சொந்த எடையே நுரையீரலை அமுக்கிவிடும், பாவம்.

நிலத்தில் எடையைக் கால்கள்தான் சுமக்க வேண்டும். அதனால் இன்றைக்கு அங்கே பெரியது ஆப்பிரிக்கப் புதர்வெளி யானை. வளர்ந்த ஆண் சுமார் 6 டன்.

சரி, வானத்தில்? இறக்கை விரிப்பில் ‘அலையும் ஆல்பட்ராஸ்’ என்ற கடற்பறவை, சுமார் 3.5 மீட்டர் வரை. இறக்கையை அசைக்காமலே கடற்காற்றில் வெகுநேரம் மிதக்கும்.