எந்த அதிர்வெண், எந்தக் காயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அதிர்வெண்ணை மாற்றவும் காயிலை (தண்டின் அடியில் மண்ணைத் துழாவும் கம்பிச்சுருளை) கழற்றி வேறொன்றைப் பொருத்தவும் முடிகிற மெட்டல் டிடெக்டர்களைப் பற்றியவை. கேள்வி அனுப்புகிறவர்கள் கருவியின் பெயர், பொருத்தியிருக்கும் காயில், தேடும் மண், தேடும் பொருள் ஆகிய நான்கையும் எழுதும்படி முன்பே கேட்டிருந்தேன். எழுதாதவர்களுக்குப் பொதுவான பதிலைத்தான் தர முடிகிறது.

கேள்வி (லெஸ்டர்): மைன்லேப் எக்ஸ்-டெரா 705, எக்வினாக்ஸ் 800 இரண்டிலுமே அதிர்வெண்ணை மாற்றலாம் என்கிறார்கள். பழையது மலிவாகக் கிடைக்கிறது. வேறுபாடு உண்டா?

பதில்: நிறைய உண்டு. எக்ஸ்-டெரா 705-இல் அதிர்வெண் காயிலோடு கட்டுண்டது. 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என மூன்று வகைக் காயில்கள் இருக்கின்றன. வேறு அதிர்வெண் வேண்டுமானால் வயலில் நின்றபடியே காயிலைக் கழற்றி மாற்ற வேண்டும், அந்தக் காயிலை முன்பே தனி விலை கொடுத்து வாங்கியும் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பி டியூஸின் முதல் பதிப்பு (4, 8, 12, 18), நோக்டா மல்டி க்ரூசர் (5, 14, 19) போன்றவை அடுத்த வகை. அவற்றில் அதே காயிலை வைத்துக்கொண்டே பட்டனில் அதிர்வெண்ணை மாற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். 2018-இல் வந்த எக்வினாக்ஸ் 800 இவை இரண்டையும் சேராதது. அது ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, திரும்பி வரும் சைகைகளை ஒன்றாக வைத்து எடைபோடுகிறது. விரும்பினால் 5, 10, 15, 20, 40 ஆகியவற்றில் ஒன்றை மட்டும் தனியாகவும் ஓட்டலாம். நோக்டா லெஜெண்டும் டியூஸ் 2-உம் இதே இனம். ஆணியும் இரும்புத்துண்டும் மண்டிக் கிடக்கும் உழுத நிலத்தில் தேடுகிறவருக்கு நான் எக்வினாக்ஸையே சொல்வேன். 705-ஐ வாங்குவதானால் குறைந்தது இரண்டு வகைக் காயில்களோடு வாங்குங்கள். அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எக்ஸ்-டெரா ப்ரோ என்று பின்னர் வந்திருப்பது பெயரில் மட்டுமே உறவு. அது 5, 8, 10, 15 என்று பட்டனில் மாறும் வேறு கருவி.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): எந்த டிடெக்டர் பெஸ்ட்? உடனே பதில் தேவை.

பதில்: ஊர் இல்லை, மண் இல்லை, தேடும் பொருள் இல்லை, கையில் உள்ள தொகையும் இல்லை. இவற்றை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி (க்ராய்டன்): மைன்லேபின் வான்க்விஷ் கருவியின் காயிலை எக்வினாக்ஸில் பொருத்தலாமா? இரண்டும் ஒரே நிறுவனம்தானே?

பதில்: முடியாது. நிறுவனம் ஒன்றாக இருப்பதும் பிளக் ஒன்றுபோல் தெரிவதும் போதாது. ஒவ்வொரு காயிலும் அதற்குரிய மின்சுற்றுக்கென்றே அளந்து சுற்றப்பட்டது.

கேள்வி (சேலம்): தங்கத்தை மட்டும் காட்டும் அதிர்வெண் எது? 'கோல்ட் ஃப்ரீக்வென்சி' சுவிட்ச் உள்ள கருவி பத்து மீட்டர் ஆழம் வரை காட்டும் என்று ஒருவர் விற்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்தக் கேள்வி மாதந்தோறும் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது; நகையை அடகு வைத்து இப்படிப்பட்ட கருவியை வாங்கியவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தங்கத்தை மட்டும் காட்டும் அதிர்வெண் என்று ஒன்று கிடையாது. காயில் அனுப்பும் மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டத்தின் வலிமையையும், அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதையும்தான் கருவி அளக்கிறது. அந்த அளவை உலோகத்தின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருளின் பருமன், வடிவம், தடிப்பு, கலப்பு எல்லாமே சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரு தங்க மோதிரமும் குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் திரையில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். செம்பும் வெள்ளியும் கலந்த 9 காரட் தங்கம், தூய தங்கத்தைவிட மிகக் குறைவாகவே மின்சாரம் கடத்தும். நம் வீட்டு 22 காரட் வளையல் அதைவிட உயர்ந்த எண்ணில் தெரியும். சங்கிலியின் கதை வேறு. ஐந்து பவுன் சங்கிலியாக இருந்தாலும் கருவி அதைச் சிறு சிறு கண்ணிகளாகத்தான் உணர்கிறது. எனவே மூடிய வளையமாக இருக்கும் ஒரு பவுன் மோதிரம் அதைவிட உரக்க ஒலிக்கலாம்.

உயர்ந்த அதிர்வெண் தங்கத்துக்கு நல்லது என்பதில் உண்மை உண்டு, ஆனால் அது ஓர் எல்லைக்கு உட்பட்ட உண்மை. மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸிலும், ஃபிஷர் கோல்ட் பக் 2 ஏறத்தாழ 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குவது, மேல்மண்ணில் கிடக்கும் அரிசிமணி அளவுத் தங்கத்துணுக்குகளைப் பிடிப்பதற்காகவே, ஆழத்துக்காக அல்ல. ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டிகளுக்கு ஆஸ்திரேலியத் தங்க வேட்டையர்கள் மைன்லேப் ஜிபிஎக்ஸ் போன்ற, காந்தப்புலத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளைத்தான் கொண்டுபோகிறார்கள், அவற்றில் இந்த அதிர்வெண் சுவிட்சே கிடையாது.

பத்து மீட்டர் ஆழம் என்பதையும் பார்ப்போம். சிறு பொருளிலிருந்து திரும்பி வரும் சைகை, தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகத் தேய்கிறது. அதாவது ஆழம் இரு மடங்கானால் சைகை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். காயில் அனுப்பும் காந்தப்புலத்தின் வலிமையை இரட்டிப்பாக்கினாலும் ஆழம் பன்னிரண்டு விழுக்காடு அளவுக்கே கூடும். கையில் பிடிக்கும் நல்ல கருவி ஒரு நாணயத்தை ஓர் அடி ஆழத்தில் காட்டினாலே அது சிறந்த வேலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் அருகே 1980-இல் மெட்டல் டிடெக்டரால் கண்டெடுக்கப்பட்ட, 27 கிலோவுக்கும் மேற்பட்ட 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' தங்கக்கட்டியும் ஒன்றும் பத்து மீட்டருக்கு அடியில் கிடக்கவில்லை.

தொலைவிலிருந்தே தங்கத்தின் திசையைக் காட்டும் என்று சுழலும் ஆண்டெனாவோடு விற்கப்படும் பொருள்கள் டிடெக்டரே அல்ல. இதே வடிவில் வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்கப்பட்ட ஏடிஇ 651-இன் உள்ளே வேலை செய்யும் மின்னணுப் பாகம் எதுவும் இல்லை என்று தெரியவந்தது. அதை விற்றவருக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. உங்களுக்கு விற்க வந்தவரிடம், அவர் கண்ணில் படாமல் ஒரு மோதிரத்தை அரையடி ஆழத்தில் புதைத்துவைத்து, பத்து இடங்களில் எது என்று காட்டச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

கேள்வி (பெண்டிகோ): எக்வினாக்ஸ் 800-க்கு 15×12 அங்குலக் காயில் வாங்கினேன். 11 அங்குலத்தைவிட மோசமாகத் தெரிகிறது. பழுதா?

பதில்: பழுதல்ல, உங்கள் மண் அப்படி. பெரிய காயில் பெரிய பொருளை மட்டும் பார்ப்பதில்லை. அதன் கீழுள்ள மண் முழுவதையும் பார்க்கிறது. விக்டோரியாவின் தங்க வயல்களில் இரும்புக் கனிமம் செறிந்த செம்மண்ணும் சரளையும் அதிகம் என்பதால், மண்ணின் சைகையே சிறு துணுக்கின் சைகையை விழுங்கிவிடுகிறது. 6 அங்குலக் காயிலைப் பொருத்தி, கோல்ட் மோடில் பல அதிர்வெண் அல்லது 20, 40 என்று மாற்றிப் பாருங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, தரையை ஒட்டி மெதுவாக வீசுங்கள். காயிலை மாற்றினாலும் அதிர்வெண்ணை மாற்றினாலும் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சைகையைக் கருவி ஒதுக்கிவிடும்படி சரிசெய்வதை, மீண்டும் செய்தாக வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் செய்யாதவர்களே அதிகம். விக்டோரியாவில் தங்கம் தேடுவதற்கான மைனர்ஸ் ரைட் உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை; ஒரு முறை எடுத்தால் பத்து ஆண்டு செல்லும், எடுக்காமல் போகாதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி): 2009-இல் இடம்பெயரும்போது அம்மா நகைகளை வளவில் புதைத்துவிட்டு வந்தார். எந்தக் காயில் உதவும்?

பதில்: காயிலைப் பற்றிப் பேசும் முன் ஒன்று. அந்த வளவு கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலமா என்பதைப் பிரதேச செயலகம் வழியாக எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட டிடெக்டர் கண்ணிவெடிக் கருவி அல்ல. பிளாஸ்டிக் உறைக்குள் மிகச் சிறிதளவே உலோகம் உள்ள வெடிகளை அது காட்டாமலே கடந்துவிடும். நிலம் பாதுகாப்பானது என்று உறுதியான பின், பொலிஸாருக்கும் கிராம அலுவலருக்கும் தெரிவித்துவிட்டுத் தேடுங்கள். வெடிச்சிதறல்கள் நிறைந்த மண்ணில் சிறிய டபுள் டி காயிலும் (D வடிவச் சுருள் இரண்டு ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வகை) பல அதிர்வெண்ணும்தான் பொருள்களைப் பிரித்துக் காட்டும். நகையைத் தகரப் பெட்டியில் வைத்தாரா, போத்தலில் வைத்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். தகரமானால் இரும்பு ஒலியை ஒதுக்கிவிடக் கூடாது. சந்தேகமான எதையும் கண்டால் தொடாமல் விலகி வந்து அறிவியுங்கள்.

கேள்வி (சவுத்எண்ட்): ஈர மணலில் என் 15 கிலோஹெர்ட்ஸ் கருவி ஓயாமல் கத்துகிறது.

பதில்: உப்பு நீரும் மின்சாரம் கடத்தும், அதுதான் காரணம். ஒற்றை அதிர்வெண்ணில் இதற்குத் தீர்வு அரைகுறையானதே. 5-க்கு இறங்க முடிந்தால் ஓரளவு அடங்கும். கடற்கரையே உங்கள் இடம் என்றால் பல அதிர்வெண் கருவிக்கு மாறுங்கள். வான்க்விஷ் போன்ற எளிய கருவியே போதும். அலைக்குள் இறங்குவதானால் காயில் மட்டுமல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டியும் நீர் புகாததா என்று பாருங்கள்.

கேள்வி (ஹாரோ): நண்பரின் லெஜெண்ட் என் டியூஸைவிட ஆழமாகக் காட்டுகிறது. விற்றுவிடலாமா?

பதில்: நண்பரின் காயில் 11 அங்குலம், உங்களுடையது 9 அங்குலம் என்று கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனிக்காமல் கருவிகளை எப்படி ஒப்பிட்டீர்கள்? ஏறத்தாழ ஒரே அளவுக் காயில், ஒரே மண், மண்ணுக்குள் நாள்பட்ட ஒரே இலக்கு, இரண்டிலும் புதிதாகச் செய்த கிரவுண்ட் பேலன்ஸ் என்று வைத்து மீண்டும் பாருங்கள். காற்றில் நாணயத்தை ஆட்டிப் பார்ப்பது ஒப்பீடு ஆகாது.

கேள்வி (யார்க்): அதிர்வெண்ணை மாற்றினால் அதே வெள்ளி நாணயத்தின் எண் மாறுகிறதே?

பதில்: மாறத்தான் செய்யும். சில கருவிகள் எண்ணைச் சமப்படுத்திக் காட்டும், சில காட்டாது. உங்கள் கடிதத்தில் ஒரே குழியில் பல வெள்ளி நாணயங்கள் கிடைத்ததாக இருக்கிறது. அவை 300 ஆண்டுகளுக்கு முந்தையவையானால் இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும். கழுவித் துடைக்காதீர்கள்.

கேள்வி (டொராண்டோ): புதிய காயில் போட்ட பின் வீசும்போதெல்லாம் பொய்ச் சைகை வருகிறது.

பதில்: காயிலின் கேபிள் தொய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள், தண்டோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள், மூட்டருகே மட்டும் சற்றுத் தளர்வு விடுங்கள். காயில் உறையைக் கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணைத் தட்டிவிடுங்கள். பிறகு கிரவுண்ட் பேலன்ஸ்.