உறையாத தயிர்

"வணக்கம்ங்க. கோபி பக்கம் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். பால் சொசைட்டிக் காசு தீவனத்துக்கே சரியாகப் போகிறது. மிச்சப் பாலில் பன்னீர், நெய் என்று ஏதாவது செய்யலாமே என்று அவளைக் கேட்டால், 'பாடத்துல வந்துச்சுப்பா, ஆனா செஞ்சு பார்த்ததில்ல' என்கிறாள். மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியாதென்றால் என்ன படிப்புங்க இது? கிரீம் பிரிக்கிற மெஷின் வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்."
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாப்பாவைத் திட்டாதீர்கள். ஐந்தரை வருடப் படிப்பு, அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. மீதியில் மாடு, ஆடு, கோழி, நாய் என்று அத்தனைக்கும் உடற்கூறிலிருந்து அறுவை சிகிச்சை வரை படித்தாக வேண்டும். பால் பொருட்கள் அதில் ஒரு ஓரம். பால் தொழில்நுட்பத்துக்கென்றே தனி பி.டெக். இருக்கிறது, சென்னைக்குப் பக்கம் கொடுவள்ளியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில்.

பன்னீர் பெரிய வித்தையும் இல்லை. பாலை 90 டிகிரி வரை காய்ச்சி, 70, 75க்கு ஆறவிட்டு, சிட்ரிக் அமிலக் கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திரிந்ததும் துணியில் வடித்து மேலே கல்லை வைத்தால் முடிந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம்.

ஆனால் பாப்பாவுக்கு வேறு ஒன்று தெரியாவிட்டால் நானும் உங்கள் கட்சிதான்.

காங்கேயம் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தது. ஒரு காம்பு கல் மாதிரி வீங்கிவிட்டது. வந்த டாக்டர் அந்தக் காம்பில் ட்யூப் மருந்தை ஏற்றி, ஊசியும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் காம்புப் பாலைக் கீழே பீய்ச்சிவிட்டு மற்ற மூன்றையும் வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். ரெண்டு நாளாகத் தயிர் உறையவே இல்லை. அம்மா சட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்தார், பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கி ஊற்றிப் பார்த்தார், கடைசியில் பழி என் தங்கை மேல் விழுந்தது. காரணம் மருந்துதான் என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆன்டிபயாடிக் மாட்டின் ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும், காய்ச்சினாலும் முழுசாகப் போகாது. நோய்க்கிருமியைக் கொல்லுகிற அதே மருந்து உறைமோரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் விடாது, அப்புறம் தயிர் எங்கே உறைவது? எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும், மருந்துப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். எங்களுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

மடிநோயின் கதை அதோடு நிற்பதில்லை. வெளியே வீக்கமே தெரியாமல் உள்ளுக்குள் இருக்கிற நோயிலும் பாலில் கேசின் என்கிற முக்கியப் புரதம் குறையும். பன்னீர் என்பதே பெரும்பாலும் கேசினும் கொழுப்பும்தான், அதனால் அதே பத்து லிட்டரில் கட்டி குறைவாகத்தான் விழும். நீங்கள் எலுமிச்சையைக் குறை சொல்வீர்கள். என்னைக் கேட்டால், பன்னீர் பாதி மாட்டின் மடியிலேயே முடிவாகிவிடுகிறது, அடுப்பில் நடப்பது மீதிதான். அந்தப் பாதி உங்கள் மகளின் வேலை. (கன்றின் நான்காவது இரைப்பையில் இருக்கிற, பாலைத் திரட்டுகிற ரென்னட் என்ற பொருளை வைத்து உலகம் காலங்காலமாகச் சீஸ் செய்திருக்கிறது. அந்த இரைப்பையை உடற்கூறு வகுப்பில் அறுத்துப் பார்த்திருப்பாளே, கேட்டுப் பாருங்கள்.)

அடுத்த லீவுக்கு அவள் வரும்போது பன்னீர் செய்யச் சொல்லாதீர்கள். ஆறு மாட்டுப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் காய்ச்சி, ஒரே உறைமோரை ஒரே அளவு ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் எது உறையவில்லையோ, எது தண்ணியாக நிற்கிறதோ, அந்த மாட்டின் மடியை அவள் முதலில் பார்க்கட்டும்.

மெஷின் இப்போதைக்கு வேண்டாம். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் இருக்கிறது, உங்கள் வெண்ணெய்க்கு இன்னும் இல்லை. முதலில் பத்து வீட்டுக்குத் தயிர் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் திரும்பக் கேட்கிறார்களா என்று தெரியட்டும். அதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள்.